கைரோபிராக்டரிடம் முதல்முறை போகிறீர்களா? எந்த முறை, என்ன காகிதம், எத்தனை வாரம் என்று முன்பே கேட்டுவிடுங்கள்

கைரோபிராக்டர் என்பவர் முதுகெலும்பையும் மூட்டுகளையும் பெரும்பாலும் கையால் தள்ளிச் சரிசெய்பவர். குறுக்கு வலி என்று ஒரு கைரோபிராக்டரிடம் போனால் இடுப்பெலும்பு ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது என்பார். அதே வலியோடு இன்னொருவரிடம் போனால் கழுத்தின் முதல் எலும்புதான் பிரச்சினை, அதைச் சரிசெய்தால் கீழே எல்லாம் தானாகச் சரியாகும், இடுப்பைத் தொடவே வேண்டாம் என்பார். மூன்றாமவர் முழு முதுகையும் எக்ஸ்ரே எடுத்து, கோடு போட்டு, வளைவு இத்தனை டிகிரி குறைந்திருக்கிறது, பல மாதம் வர வேண்டும் என்பார். மூவரும் பொய் சொல்கிறார்கள் என்றில்லை. அவரவர் படித்த முறை அவரவருக்கு அதைத்தான் காட்டும். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இடம் மாறும்போதெல்லாம் புது எக்ஸ்ரே, புதுப் படிவம், வலிக்குப் புதுக் காரணம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் முதலிலேயே: இது மருத்துவ ஆலோசனை இல்லை, போய்வந்த ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லும் வழி.

## 1. முதலில், இது கைரோபிராக்டரிடம் போக வேண்டிய வலிதானா?

சில வலிகளுக்கு நேராக மருத்துவமனைதான். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, மலம் தெரியாமல் போவது, தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப் போவது, கால் பலம் வேகமாகக் குறைவது ஆகியவை முதுகின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம். அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி, இவற்றையும் முதலில் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

வயது நாற்பத்தைந்துக்குக் கீழே, காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுக்கம், நடமாடினால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் அது அழற்சி வகை வாதமாக இருக்கலாம். அதற்கு வாத நோய் நிபுணர். இதை 'அலைன்மென்ட்', அதாவது எலும்பு நேராக அமையாத கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் போய்க்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எலும்பு மெலிவு, முடக்குவாதம், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, முதுகில் முன்பு செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், இதில் ஏதாவது இருந்தால் போகவே கூடாது என்று அர்த்தமில்லை. ஆனால் வேகமாகத் தள்ளும் முறை உங்களுக்கு ஆகாமல் போகலாம். எலும்பு நன்றாக மெலிந்தவருக்கும், முடக்குவாதத்தால் கழுத்தின் மேல் மூட்டு தளர்ந்தவருக்கும் அது ஆபத்து. அதனால் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

## 2. அவர் எந்த முறைக்காரர் என்று கேளுங்கள்

பெரும்பாலானோர் தவறவிடும் படி இதுதான். எக்ஸ்ரே கேட்பாரா, கழுத்தைத் திருப்புவாரா, எத்தனை தடவை வரச்சொல்வார், எவ்வளவு செலவாகும், எல்லாமே பெரும்பாலும் இந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். போனிலேயே கேட்கலாம், "நீங்கள் எந்த டெக்னிக் பயன்படுத்துகிறீர்கள்?" என்றால் போதும், தயங்காமல் சொல்வார்கள்.

டைவர்சிஃபைடு: அதிகம் பேர் செய்வது இதுதான். படுக்கவைத்து, உடம்பை ஒரு பக்கம் திருப்பி, கையால் சட்டென்று குறுகிய வேகத்தில் தள்ளுவார்கள், நெட்டி முறிப்பது போலச் சத்தம் கேட்கும். இணையத்தில் சுற்றும் வீடியோக்களில் வருவது பெரும்பாலும் இதுதான்.

கான்ஸ்டெட்: இதுவும் கையால்தான், ஆனால் பொதுவாகத் தள்ளாமல் குறிப்பிட்ட ஒரு முள்ளெலும்பைத் தேடித் தள்ளுவது. நின்ற நிலையில் முழு முதுகு எக்ஸ்ரே, முதுகின் இரு பக்கமும் வெப்பத்தை ஒப்பிடும் சிறு கருவி, விரலால் தடவிப் பார்ப்பது என்று பரிசோதனை நீளும். கழுத்தை உட்காரவைத்துச் செய்வார்கள், முறுக்குவதைத் தவிர்ப்பார்கள். எக்ஸ்ரே செலவு இங்கே ஏறக்குறைய நிச்சயம்.

தாம்ப்சன்: படுக்கையின் ஒரு பகுதி லேசாக உயர்ந்து நிற்கும், தள்ளும்போது அது டபக்கென்று கீழே இறங்கும், அதனால் கைவேகம் குறைவாக இருந்தாலே போதும். சத்தம் படுக்கையிலிருந்து வருவது, பயப்படாதீர்கள்.

ஆக்டிவேட்டர்: பேனா அளவை விடச் சற்றுப் பெரிய ஸ்பிரிங் கருவியை வைத்து டக் என்று தட்டுவார்கள். குப்புறப் படுக்கவைத்து இரு குதிகாலையும் சேர்த்துப் பார்த்து எந்தக் கால் குட்டை என்று கணக்குப் போடுவார்கள். கழுத்தை யாரும் திருப்புவது பிடிக்காதவர்களுக்கு இது ஒத்துப்போகும். 2015இல் வெளிவந்த ஒரு ஆய்வில் குறுக்கு வலிக்குக் கையால் தள்ளும் முறை நான்கு வாரத்தில் இந்தக் கருவியை விட நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சில மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

காக்ஸ்: நடுவில் மடங்கும் படுக்கையில் குப்புறப் படுக்கவைத்து, கீழ்ப் பாதியை மெதுவாக இறக்கி ஏற்றி முதுகை இழுப்பார்கள். சத்தமும் இல்லை, திடீர் வேகமும் இல்லை. டிஸ்க் பிதுக்கம், சயாட்டிகா (முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) என்று போகிறவர்கள் இது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மேல் கழுத்து முறைகள்: நூக்கா, அட்லஸ் ஆர்த்தோகோனல் போன்றவை. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளை மட்டும்தான் பார்ப்பார்கள். பல கோணங்களில் கழுத்து எக்ஸ்ரே எடுத்து அளந்து, காதுக்குக் கீழே மிக லேசான அழுத்தம். சில நாள் போனால் சோதித்துவிட்டு "இன்று ஒன்றும் தேவையில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த நாளுக்கும் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவு திருத்தும் முறை: கைரோபிராக்டிக் பயோபிசிக்ஸ் என்று சொல்வார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முதுகின் வளைவை அளந்து, இழுவைக் கருவி, எதிர்த்திசைப் பயிற்சி, மாதக்கணக்கான திட்டம், கடைசியில் மறுபடி எக்ஸ்ரே. எனக்குத் தெரிந்தவரை பணமும் நேரமும் அதிகம் பிடிப்பது இதுதான்.

இவை தவிர இடுப்புக்குக் கீழே ஆப்பு வடிவக் கட்டைகளை வைக்கும் சேக்ரோ ஆக்சிபிடல் முறையும், விரலால் லேசாகத் தொட்டுவிட்டு நகரும் முறைகளும் உண்டு. பலர் இரண்டு மூன்றைக் கலந்து செய்வார்கள், அதில் தப்பில்லை.

எது சிறந்தது? ஒன்று மற்றதை விட எப்போதும் மேல் என்று நிரூபணமாகவில்லை. கால் நீளம் பார்ப்பது, விரலால் தடவி 'மாட்டிக்கொண்ட' எலும்பைக் கண்டுபிடிப்பது போன்ற சோதனைகளில் ஒரே நோயாளியை இரண்டு பேர் பார்த்தாலே பல சமயம் பதில் வேறுபடுகிறது. ஆகவே உங்கள் உடம்புக்கு எது ஆகும், கழுத்தைத் திருப்புவது உங்களுக்குச் சம்மதமா, எவ்வளவு எக்ஸ்ரே எடுக்கத் தயார் என்று வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

## 3. டெக்னிக்கை விட முக்கியமான ஒரு கேள்வி

ஒரே டெக்னிக் செய்யும் இருவர்கூட அடிப்படையில் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். ஒரு சாரார் முதுகு வலி, கழுத்து வலி, சில வகைத் தலைவலி என்று வரம்பு வைத்து, பயிற்சியும் சொல்லிக்கொடுத்து, சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்புவார்கள். இன்னொரு சாரார், எலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதுதான் உடம்பின் பல நோய்களுக்கும் வேர், அதனால் வலி இல்லாவிட்டாலும் ஆயுள் முழுக்க வந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். இந்தப் பிசகைத்தான் சப்லக்சேஷன் என்பது. பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலே, இது நோய்க்குக் காரணம் என்று சொல்லும் அளவுக்கு ஆய்வு ஆதாரம் எதுவும் இல்லை என்று 2010இல் சொல்லிவிட்டது.

எனவே கேளுங்கள்: "வலி போன பிறகும் நான் வர வேண்டுமா? எவ்வளவு நாள்?" பதில் "ஆயுள் முழுக்க" என்றால் அங்கே செலவுக்கு முடிவு கிடையாது. ஆஸ்துமா, சர்க்கரை, குழந்தையின் காது வலி எல்லாம் இதில் குணமாகும் என்று சுவரில் போஸ்டர் இருந்தால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

சத்தத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'டப்' என்று கேட்டதும் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். விரல் மூட்டை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்துச் சொடக்கு எடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், சத்தம் வரும் கணத்தில் மூட்டுத் திரவத்துக்குள் வாயு நிறைந்த ஒரு குமிழிடம் உண்டாவது தெரிந்தது. சத்தம் வராத நாளில் காசு வீண் என்று வருந்தவும் வேண்டாம், பெரிய சத்தம் வந்தது என்று மகிழவும் வேண்டாம்.

## 4. தகுதியைச் சரிபாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுநேரக் கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பாடமும் பயிற்சியும் இருக்க வேண்டும், அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. அரசுப் பதிவு முறை உள்ள நாடுகளில் பதிவேடு இணையத்திலேயே இருக்கும்; பெயரைப் போட்டு, பதிவு நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பதிவு முறை இல்லாத இடத்தில்தான் ஜாக்கிரதை, வாரக்கடைசி வகுப்பு ஒன்றை முடித்தவரும் அதே பலகையை மாட்டிக்கொள்ள முடியும். எந்தக் கல்லூரி, எத்தனை வருடம், எங்கே பதிவு என்று நேராகக் கேளுங்கள். கோபப்பட்டால் அதுவே பதில்.

பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். அது கைரோபிராக்டிக் பட்டமாக இருக்கலாம். மருந்து எழுதித்தரவோ அறுவை சிகிச்சை செய்யவோ பொதுவாக அவர்களுக்கு அனுமதி இல்லை.

## 5. கையில் எடுத்துப் போக வேண்டியவை

- பழைய எக்ஸ்ரே, எம்ஆர்ஐ ரிப்போர்ட். ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடி அல்லது டவுன்லோட் லிங்க் வேண்டும். இது இல்லாததால்தான் பலருக்கு மறுபடி எக்ஸ்ரே.
- சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, ஸ்டீராய்டு இரண்டும் முக்கியம்.
- அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, விபத்து விவரம். வருடம் போட்டு ஒரு தாளில்.
- எலும்பு அடர்த்திச் சோதனை செய்திருந்தால் அதன் முடிவு.
- இன்ஷூரன்ஸ் அட்டை. பாலிசி கேட்டால் டாக்டரின் பரிந்துரைக் கடிதம்.
- அடையாள அட்டை.

இதோடு, யாரும் கேட்காத ஒன்று: அரைப் பக்கத்தில் உங்கள் வலியின் கணக்கு. எப்போது தொடங்கியது, பத்துக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, இரவில் எத்தனை தடவை விழிப்பு. பின்னால் குணமாகிறதா என்று பார்க்க இந்த அரைப் பக்கம்தான் அளவுகோல். அவர்கள் காட்டும் எக்ஸ்ரே கோடுகளை விட இதை நம்பலாம்.

## 6. முதல் நாளே எக்ஸ்ரே என்றால்

"எதற்காக? இதை எடுக்காவிட்டால் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். அமெரிக்கக் கைரோபிராக்டர்களின் சங்கமே 2017இல் தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது இது: ஆபத்து அறிகுறி இல்லாத புதுக் குறுக்கு வலிக்கு முதல் ஆறு வாரம் எக்ஸ்ரே, ஸ்கேன் வேண்டாம், முன்னேற்றம் பார்ப்பதற்காக மறுபடி மறுபடி எடுப்பதும் வேண்டாம். கான்ஸ்டெட், மேல் கழுத்து முறைக்காரர்கள் எக்ஸ்ரே இல்லாமல் தொட மாட்டோம் என்பார்கள். அது அவர்கள் முறை. உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் வேறு முறைக்காரரிடம் போங்கள், சண்டை போட வேண்டியதில்லை. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே எக்ஸ்ரேக்கு முன் சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு "பாருங்கள், தேய்மானம்" என்று காட்டும்போது வயிற்றைக் கலக்கும். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு. படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் இல்லை. வண்டிச் சக்கரத்துக்கு அலைன்மென்ட் பார்ப்பது போலக் கச்சிதமான நேர்கோடு என்று ஒன்று மனித முதுகில் கிடையாது, ஆளுக்கு ஆள் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும்.

## 7. செலவு: பேக்கேஜில் கையெழுத்துப் போடும் முன்

விளம்பரத்தில் இருப்பது ஒரு தடவைக்கான கட்டணம். உண்மையான செலவு துண்டு துண்டாக வரும்: முதல் நாள் பரிசோதனை, எக்ஸ்ரே, ஒவ்வொரு அட்ஜஸ்ட்மென்ட் (எலும்பைத் தள்ளிச் சரிசெய்யும் ஒரு தடவை), மின்தூண்டல், லேசர் போன்ற கூடுதல்கள், சில வாரம் கழித்து மறுபரிசோதனை, அப்புறம் தலையணை, செருப்புக்குள் வைக்கும் பேட், சத்து மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் விலை எழுதித் தரச் சொல்லுங்கள். இலவச முதல் பரிசோதனை என்று அழைத்தால் எது எது இலவசம் என்று கேளுங்கள், எக்ஸ்ரேயும் ரிப்போர்ட் விளக்கமும் அதில் சேராமல் இருக்கலாம்.

பெரிய பொறி பேக்கேஜ். வலியோடும் பயத்தோடும் இருக்கும் முதல் நாளிலேயே, "மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, இன்று மட்டும்" என்று தாளை நீட்டுவார்கள். பாதியில் நிறுத்தினால் பணம் எப்படித் திரும்பும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில், அதுவரை போன தடவைகளைத் தள்ளுபடி விலையில் கணக்கிடாமல் முழு விலையில் கணக்கிட்டுக் கழிப்பார்கள். முக்கால்வாசி வந்துவிட்டு நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு மருத்துவ இடத்தில் என்னிடம் இந்தத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மறுத்தார்கள், அங்கேயே கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டுக்குக் கொடுக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தவணைக்கடன் நிறுவனம் மூலம் கட்டச் சொன்னால் இன்னும் மோசம், சிகிச்சையை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

இன்ஷூரன்ஸ் இருந்தால் நான்கு விஷயம் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை தடவை, டாக்டர் பரிந்துரை வேண்டுமா, எக்ஸ்ரே சேருமா, வலி போன பிறகான பராமரிப்பு சேருமா. கடைசி இரண்டும் பல இடங்களில் சேராது. அமெரிக்காவில் பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர்கூட முதுகெலும்பைக் கையால் சரிசெய்வதற்கு மட்டும்தான் தருகிறது, கைரோபிராக்டர் எடுக்கச் சொல்லும் எக்ஸ்ரேக்குத் தராது. பில் கேட்கும்போது தேதிவாரியாக, நோய்க்குறியீட்டு எண்ணோடு, செய்த சிகிச்சையைப் பிரித்து எழுதிய பில்லாக வாங்குங்கள். வெறும் ரசீதை இன்ஷூரன்ஸ் திருப்பி அனுப்பிவிடும்.

## 8. முதல் நாள் என்ன நடக்கும்

முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம்வரை ஒதுக்குங்கள், அடுத்தடுத்த தடவைகள் கால் மணியில் முடிந்துவிடும். உங்கள் கதையைக் கேட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, சுத்தியலால் தட்டி அனிச்சைச் செயல், கால் பலம், தொடு உணர்வு எல்லாம் சோதித்த பிறகுதான் படுக்கையில் ஏற்ற வேண்டும். எதையும் சோதிக்காமல் நேராகக் கழுத்தைப் பிடித்தால் எழுந்து வந்துவிடலாம்.

சம்மதப் படிவம் தருவார்கள், அதைப் படியுங்கள். கழுத்தை வேகமாகத் திருப்புவதில் மிக அரிதாக, ஆனால் பெரிய ஆபத்தாக, மூளைக்குப் போகும் தமனியின் சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். சிக்கல் என்னவென்றால், ஏற்கெனவே கிழியத் தொடங்கியவருக்கு முதல் அறிகுறியே கழுத்து வலியும் தலைவலியும்தான், அதற்காகவே அவர் சிகிச்சைக்கு வருவதும் உண்டு. எனவே இதுவரை வராத மாதிரியான கழுத்து வலியோ தலைவலியோ திடீரென்று வந்திருந்தால், தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்தல், தள்ளாட்டம் ஏதாவது சேர்ந்திருந்தால் கைரோபிராக்டரிடம் போகாதீர்கள், அவசர சிகிச்சைக்குப் போங்கள். சிகிச்சைக்குப் பிறகு வந்தாலும் அதேதான், "நச்சு வெளியேறுகிறது" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வாயால் சொல்லுங்கள், படிவத்திலும் எழுதிவிடுங்கள்.

## 9. எத்தனை வாரம் பார்க்கலாம்

முதல் சில தடவைகளுக்குப் பின் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லேசான வலி, அசதி, தலைவலி வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். அதற்கு மேல் நீடித்தால், கை கால் மரத்தால், பலம் குறைந்தால் அடுத்த தடவைக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். புதுக் குறுக்கு வலிக்கு முதுகெலும்பைத் தள்ளும் சிகிச்சை ஆறு வாரத்துக்குள் வலியையும் நடமாட்டத்தையும் ஓரளவு மேம்படுத்துகிறது என்று 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஓரளவுதான். புதுக் குறுக்கு வலி பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் இதைவிடக் கண்டிப்பு: கையால் செய்யும் சிகிச்சை உடற்பயிற்சியோடு சேர்ந்துதான் இருக்க வேண்டும், தனியாக வேண்டாம் என்றது. ஆகவே பயிற்சி எதுவும் சொல்லித்தராத இடம் பாதி வேலைதான் செய்கிறது.

இரண்டிலிருந்து நான்கு வாரம், ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை: ஒரு சோதனைக் காலத்துக்கு இது போதும். தொடங்கும்போதே அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, அன்று அந்த அரைப் பக்கத் தாளை எடுத்து மறுபடி நிரப்புங்கள். உட்காரும் நேரம் கூடியிருந்தால், தூக்கம் திரும்பியிருந்தால், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் முடித்துக்கொள்ளலாம். எண்கள் அப்படியே இருந்தால் அதே முறையை இன்னும் அடிக்கடி செய்வதில் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிசியோதெரபிக்கோ முதுகெலும்பு நிபுணரிடமோ போங்கள். "இப்போது நிறுத்தினால் எல்லாம் பழையபடி விலகிவிடும்" என்பார்கள், அதைக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## 10. வெளியே வரும்போது

பரிசோதனைக் குறிப்புகள், எக்ஸ்ரே படங்கள், எந்தத் தேதியில் எந்த முள்ளெலும்பில் எந்த முறையில் செய்தார்கள் என்ற பதிவு, மூன்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பல நாடுகளில் இது நோயாளியின் சட்ட உரிமை, நகல் எடுக்கும் கட்டணம் மட்டும் வாங்கலாம். எழுத்தில் கேளுங்கள், தருவதற்குச் சில வாரம்கூட ஆகலாம் என்பதால் அடுத்த டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் கிடைத்ததுமே கேட்டுவிடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்காதீர்கள், தெளிவு போய்விடும், அடுத்த இடத்தில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.